ப்ரிசெப்டர் (வார்டில் நர்ஸிங் மாணவர்களுக்குக் கூட இருந்து கற்றுத்தரும் நர்ஸ்) பயிற்சி முடித்து வார்டுக்குத் திரும்பியவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

தூக்குவாளி:
செய்முறை கற்றுத்தர பெய்ட்டன் சொன்ன நான்கு படி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேசாமல் செய்து காட்டு, விளக்கிக்கொண்டே செய், மாணவி சொல்லச் சொல்ல நீ செய், கடைசியில் அவளே சொல்லிக்கொண்டு செய்யட்டும். பயிற்சி ஹாலில் பொம்மையை வைத்துச் செய்தபோது சுலபமாகத்தான் இருந்தது.

மெடிக்கல் வார்டு. ஸ்ட்ரோக் வந்த தாத்தாவுக்கு ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) ஃபீடிங். கூட நின்றது ஜிஎன்எம் (நர்ஸிங் டிப்ளமோ) இரண்டாம் வருடப் பெண், மூன்றாவது படி. "டியூபை மடக்கிப் பிடிக்கணும் சிஸ்டர், சிரிஞ்சை மாட்டணும், கஞ்சியை ஊத்தணும்" என்றாள். டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று அஸ்பிரேட் (சிரிஞ்சால் இழுத்த வயிற்று நீர்) எடுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நான் சிரிஞ்சைப் பிடித்தபடி நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. என் முகத்தையும் டியூபையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அதற்குள் பாட்டி, "மொதல்ல இழுத்துப் பாப்பாங்களேம்மா?" என்றுவிட்டார். ராத்திரி பகலாகக் கட்டிலோரம் உட்கார்ந்து பார்க்கிறவர் ஆயிற்றே! பக்கத்து பெட்டில் சிரிப்பு.

அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கமே வரவில்லை. என்னிடம் சந்தேகம் கேட்பதும் நின்றுபோனது. நோயாளி எதிரே மாணவி முழித்தால் என்ன செய்வது என்று பயிற்சியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லீட்ஸ்குளிர்:
அஸ்பிரேட் எடுத்து பி.எச். (அமிலத்தன்மை) பார்க்கிறீர்களா, வெறும் கண்ணால் பார்ப்பதோடு சரியா? இங்கிலாந்தில் 5.5 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் ஃபீட். காற்றை ஊதி ஸ்டெத்தில் கேட்கிற பழக்கத்தை 2005-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் இன்னும் அதைத்தான் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்வி. சரி, அது வேறு கதை.

2018-ல் என்எம்சி (இங்கே நர்ஸ்களுக்கான கவுன்சில்) பழைய மென்டர் முறையை எடுத்துவிட்டது. இப்போது கூட இருந்து கற்றுத்தருபவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு. ஒரே மாணவருக்கு ஒரே ஆள் இரண்டுமாக இருக்கக் கூடாது. நான் மதிப்பிடுகிறவள். கடைசி இன்டர்வியூவில் ஒரு பையனுடைய பதிவேட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'இனிமையானவர்', 'ஆர்வமானவர்'. எழுதிய அதே ஆட்கள் டீ ரூமில், "அவனிடம் மருந்து டிராலியைக் கொடுக்கவே பயமாக இருக்கிறது" என்கிறார்கள். பெயில் போட வேண்டியவர்களைப் போடாமல் விடுவது பற்றி கேத்லீன் டஃபி 2003-லேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார், பயிற்சியிலும் சொன்னார்கள். மருந்து விஷயத்தை அவனிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "அப்போ இத்தனை நாள் எல்லோரும் குட் ஜாப் என்றது எதற்கு?" என்று மட்டும் கேட்டான்.

வெள்ளைக்கோட்டு டீச்சர்:
தூக்குவாளி சிஸ்டர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது படியைக் கட்டிலருகே வைத்ததே சரியில்லை. அது ஸ்கில் லேபில் முடிய வேண்டிய வேலை. வார்டில்தான் செய்தாக வேண்டுமென்றால் பெட்டுக்குப் போகும் முன் நர்ஸஸ் ஸ்டேஷனிலேயே ஒருமுறை வாயால் சொல்ல வைத்துவிடுங்கள். மறந்தால் ஒரு சைகை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், மணிக்கட்டைத் தொட்டால் போதும். நோயாளியிடமும், "இவங்க கத்துக்கிட்டிருக்காங்க, நான் கூடவே நிப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். செய்து முடித்ததும் ஸ்டோர் ரூம் பக்கம் கூப்பிட்டு ஒன் மினிட் ப்ரிசெப்டர் முறையில் பேசலாம்: நீ என்ன நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேளுங்கள். பொதுவான விதி ஒன்றைச் சொல்லுங்கள். சரியாகச் செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். திருத்தம் கடைசியில். 'குட்' என்று மொட்டையாகச் சொன்னால் எது குட் என்றே அவளுக்குத் தெரியாது. லீட்ஸ் மேடமுக்கும் இதையேதான் சொல்வேன், கடைசி இன்டர்வியூ வரை ஏன் காத்திருந்தீர்கள்?

என் அனுபவமா? வார்டு நடுவில் திட்டு வாங்கிய என் மாணவி ஒருத்தி படிப்பையே விட்டுவிட்டாள்.

நைட்டூட்டி:
எல்லோரும் கற்றுத்தருவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் படிக்கிற ஆள். செய்து பழகியதற்குக் கையெழுத்து வாங்கும் ப்ரொசீஜர் புக்கைக் கொண்டுபோனேன், சிஸ்டர் டிராலி மேலேயே வைத்துக் கதீட்டரைசேஷன் (சிறுநீர்க் குழாய் போடுவது) பக்கம் முழுக்க மளமளவென்று சைன் போட்டுக் கொடுத்தார். "பார்த்தல்ல, பண்ணினதா எழுதிக்கோ." நான் பார்க்கவும் இல்லை. அவர் ப்ரிசெப்டர் சர்டிஃபிகேட் வாங்கியவர்தான்.

தூக்குவாளி:
டீச்சர், சைகை யோசனை நல்லது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் காலேஜ் பஸ்ஸில் மாணவிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு டியூட்டர் போய்விடுகிறார். வார்டு முழுக்க பேஷண்ட், டிஸ்சார்ஜ், ரவுண்ட்ஸ், அதற்கு நடுவே ஸ்டோர் ரூமுக்கு யாரைக் கூட்டிப்போவது? ஸ்கில் லேபில் முடித்துத்தான் அனுப்புகிறோம் என்று உங்கள் பக்கம் சொல்கிறார்கள். வருகிற பெண்களோ கிளாம்ப் எந்தப் பக்கம் மூடும் என்று என்னைக் கேட்கிறார்கள்.

லீட்ஸ்குளிர், பி.எச். பேப்பர் வேண்டும் என்று ஸ்டோருக்கு இன்டென்ட் போட்டேன். "யூரின் ஸ்ட்ரிப்தான் இருக்கே" என்று திரும்பி வந்தது.