நாய்க்குட்டிக்கு ஓயாத கேஸ், வயிறு உப்பல். அவசரம், யாராவது சொல்லுங்க

முருகேஷ்பாளையா_புதுசு (இரவு 11.52)
குட்டி வந்ததுலேர்ந்து காத்து விட்டுக்கிட்டே இருக்கான். ரூம்ல படுக்க முடியல, அவ்வளவு நாத்தம். சாப்பிட்ட உடனே வயிறு உப்பிக்குது. நாய் வேணும்னு கேட்டது நான்தான்னு வீட்ல எல்லாரும் என் மேல பாயுறாங்க. சாப்பாட்டை மாத்தணுமா? ஓமத் தண்ணி கொடுக்கலாமா? காலைல ஷிப்ட் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

அல்சூர் அக்கா
தம்பி, எத்தனை வாரக் குட்டி? என்ன ஜாதி? எடை? என்ன போடுறீங்க, எத்தனை வேளை? பூச்சி மருந்து கொடுத்தாச்சா? வெளிக்குப் போறது கெட்டியா, தண்ணியா? ஒண்ணுமே எழுதாம கேட்டா நாங்க என்னத்த சொல்ல?

பழைய புலி
இந்தப் பகுதிக்கு மேலேயே ஒரு குறிப்பு போட்டு வெச்சிருக்கேன், கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி படிங்கன்னு. ஒருத்தரும் படிக்கிறதில்ல. போன் வாங்குற மாதிரி நாய் வாங்கிடறாங்க, அப்புறம் நடுராத்திரி இங்க வந்து நிக்கிறாங்க. நான் நாய் வளர்க்க ஆரம்பிச்சப்போ இன்டர்நெட்டே கிடையாது. இது வேற ஒண்ணும் இல்ல, தீனி ஜாஸ்தி. அவ்வளவுதான்.

ராகி ரசிகன்
ராகிக் கஞ்சி போடுங்க ப்ரோ. உப்பு வேண்டாம், தண்ணியா காய்ச்சி ஆறவெச்சு. எங்க வீட்ல தலைமுறையா அதான். பாக்கெட் தீனி எல்லாம் வியாபாரம்.

தயிர்சாதம்
ராகி குட்டிக்கு கனம். குழைய வடிச்ச சாதத்துல புளிக்காத தயிர். சூடு தணியும், கேஸ் நிக்கும்.

ஹெப்பாள் மாணவன்
வெட்னரி கடைசி வருஷம் படிக்கிறேன். முதல்ல ஒரு விஷயம் பாருங்க. வயிறு கல்லு மாதிரி இறுகி, வாந்தி எடுக்க எக்கி எக்கி ஒண்ணும் வராம, எச்சில் ஒழுகி, படுக்க முடியாம தவிச்சா காலை வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க, இப்பவே தூக்கிட்டுப் போங்க. வாந்தி, ரத்தத்தோட பேதி, சோர்ந்து சாப்பிடாம கிடக்கிறது இருந்தாலும் அப்படித்தான், அது பார்வோங்கற வைரஸ் நோயா இருக்கலாம். இது எதுவும் இல்லாம துள்ளி விளையாடிக்கிட்டு, காத்து மட்டும் போகுதுன்னா பயப்பட வேண்டாம்.

ஓமத் தண்ணி, கிரைப் வாட்டர், வீட்ல இருக்கிற காய்ச்சல் மாத்திரை எதுவும் வேண்டாம். பாராசிட்டமாலும் இபுபுரூபனும் நாய்க்கு விஷம்.

முருகேஷ்பாளையா_புதுசு (இரவு 12.20)
நல்லாத்தான் விளையாடுறான், செருப்பைக் கடிச்சிக்கிட்டு இருக்கான். லாப்ரடார். ரெண்டு மாசம்னு சொல்லிக் கொடுத்தாங்க. பால், மேரி பிஸ்கட், பாக்கெட் தீனி, எல்லாம் சாப்பிடுறான். பசி அடங்கவே மாட்டேங்குது.

அல்சூர் அக்கா
பாலா! என்ன பால், எவ்வளவு?

முருகேஷ்பாளையா_புதுசு
நந்தினி நீலப் பாக்கெட்தான். அம்மா காலைலயும் சாயங்காலமும் ஒரு டம்ளர் ஊத்துவாங்க. பாவம் குட்டி, தாயை விட்டு வந்திருக்குன்னு. தண்ணி கலந்துதான்.

ஹெப்பாள் மாணவன்
பாதி விடை அதுலயே இருக்கு. தாய்ப்பாலை விட்ட குட்டிக்கு லாக்டோஸை, அதாவது பால்ல இருக்கிற சர்க்கரையை, உடைக்கிற என்சைம் குறைஞ்சுக்கிட்டே வரும். நாய்ப்பால்ல லாக்டோஸ் சுமார் 3 சதவீதம், பசும்பால்ல 5-க்குக் கொஞ்சம் கம்மி. செரிக்காதது பெருங்குடலுக்குப் போய் அங்க இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வெக்குது. கேஸும் இளக்கமும் அங்கேர்ந்துதான். தண்ணி கலந்தா லாக்டோஸ் மட்டும் இல்ல, சத்தும் சேர்ந்து குறையும். நாய்ப்பால்ல கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட ரெண்டு மடங்குக்கு மேல. அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க, இந்த வயசுல அவனுக்குப் பாலே தேவையில்ல, தண்ணி போதும்.

தயிர்ல லாக்டோஸ் கொஞ்சம் கம்மி, ஒரு ஸ்பூன் தாங்குவான். அதையே சாப்பாடா ஆக்கக் கூடாது.

அல்சூர் அக்கா
இன்னொண்ணு. பாக்கெட் பின்னால கிராம் கணக்குல ஒரு கட்டம் இருக்குமே, அது ஒரு நாளைக்கு. ஒரு வேளைக்குன்னு நினைச்சு கொட்டறவங்க நிறைய பேர். சில பாக்கெட்ல இப்போதைய எடை, சிலதுல வளர்ந்தப்புறம் வரப்போற எடை போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க. கிராமை எடை போட்டு நாலாப் பிரிங்க. நாலு மாசத்துக்கு அப்புறம் மூணு வேளை, ஆறு மாசம் தாண்டினா ரெண்டு. லாப் எப்பவும் பசிக்குதுன்னுதான் சொல்லும், அது மூஞ்சியை நம்பாதீங்க.

வாங்கின இடத்துல என்ன தீனி போட்டாங்கன்னு கேட்டீங்களா? வந்த அன்னிக்கே மாத்தினா எந்தக் குட்டிக்கும் வயிறு கலங்கும். பழசுல புதுசைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து, ஏழெட்டு நாள்ல முழுசா மாத்தணும்.

ஃபிரேசர்டவுன் காரன்
வேகமா முழுங்குறானா? முழுங்குற காத்தும் கேஸாத்தான் போகும். பணியாரக் கல்லைத் தரையில வெச்சு குழிக்கு நாலு தீனி உருண்டை போடுங்க. ஒவ்வொரு குழியா நாக்கைச் சுழட்டி எடுக்கறதுக்குள்ள வேகம் தானா குறையும். இரும்புக் கல்லுன்னா மூக்கால தள்ளினாலும் நகராது. இட்லித் தட்டுன்னா ஹால் முழுக்க சறுக்கிக்கிட்டே போகும்.

தயிர்சாதம்
எங்க வீட்டுப் பணியாரக் கல்லுல நாய் வாய் வெச்சா என் மாமியார் அடுத்த பஸ்ல ஊருக்குக் கிளம்பிடுவாங்க.

ஃபிரேசர்டவுன் காரன்
புதுசா ஒண்ணு வாங்குங்க மேடம். நாய்க்குத் தயிர் சாதம் போடுற வீடுன்னா வேற என்னத்த சொல்ல. நாய் ஓநாய் வம்சம், அதுக்குக் கறி வேணும்.

தயிர்சாதம்
எங்க முதல் நாய் சைவம் சாப்பிட்டே நல்லா வாழ்ந்துட்டுப் போச்சு. கறி போட்டாத்தான் நாய்னு யார் சொன்னது?

பழைய புலி
ரெண்டு பேருமே தெரியாம பேசுறீங்க. நாட்டு நாய் சோறு தின்னுதான் வளருது.

ஃபிரேசர்டவுன் காரன்
சார், எங்க தெரு நாட்டு நாய் சாயங்காலம் ஆனா கோழிக்கடை வாசல்லதான் உக்காந்திருக்கு. சோத்துக்கா?

ஹெப்பாள் மாணவன்
ஓநாய் வம்சம்தான், ஆனா குடல் மாறிடுச்சு. மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸுக்கான மரபணுவோட நகல்கள் நாய்கிட்ட ஓநாயைவிட பல மடங்குன்னு 2013-ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. அதனால சோறு செரிக்கும். சோறு மட்டும் போதுமாங்கறது வேற கேள்வி. வளர்ற குட்டியோட தீனியில, ஈரம் நீக்கிக் கணக்குப் பண்ணா, குறைஞ்சது 22.5 சதவீதம் புரதம் வேணும்னு அமெரிக்காவுல தீனிக்குத் தரம் வகுக்கிற ஆஃப்கோ அமைப்போட கணக்கு. வெறும் தயிர் சாதம் அந்தப் பக்கமே போகாது. வளர்ந்த நாய்க்கு 18. சைவமா வளர்க்கணும்னா கலவை சரியா இருக்கணும், கண்ணளவுல முடியாது.

பழைய புலி
அமெரிக்கக் கணக்கு நம்ம ஊருக்கு எதுக்கு தம்பி? புத்தகத்தைப் படிச்சிட்டு வந்து இங்க கிளாஸ் எடுக்காதீங்க. லாப் குட்டின்னா எலும்பு பலத்துக்கு கால்சியம் சிரப் ஊத்துங்க, அதை ஏன் ஒருத்தரும் சொல்லல?

ஹெப்பாள் மாணவன்
சொல்லாததுக்குக் காரணம் இருக்கு சார். பெரிய ஜாதிக் குட்டிக்கு மிஞ்சின கால்சியத்தை உள்ள விடாம தடுக்கற திறன் சின்ன வயசுல இருக்காது. குட்டிங்களுக்கான பாக்கெட் தீனியில தேவையானது இருக்கு. அதுக்கு மேல சிரப் ஊத்தினா எலும்பும் மூட்டும் கோணலா வளர்ற ஆபத்து.

அல்சூர் அக்கா
சண்டையைத் தனி இழையில வெச்சுக்கோங்கப்பா. அந்தப் பையன் என்ன ஆனான்? பூச்சி மருந்து கேட்டேன், பதிலே காணோம். குட்டி ஒல்லியா, வயிறு மட்டும் பானையா இருந்தா அதான் முதல்ல பாக்கணும்.

ஹெப்பாள் மாணவன்
ஆமாக்கா. காலைல போன மலத்தைக் கொஞ்சம் டப்பால எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. தடுப்பூசி முடியலைன்னா ஆஸ்பத்திரியில குட்டியைத் தரையில விடவே கூடாது, மடியிலயே வெச்சிருக்கணும்.

முருகேஷ்பாளையா_புதுசு (நாலு நாள் கழிச்சு)
டாக்டர்கிட்ட காட்டினோம். உருண்டைப் புழு முட்டை இருக்காம். மருந்து கொடுத்தாங்க. பாலும் கட். நாத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் நன்றி.

பழைய புலி
தீனி ஜாஸ்தின்னு நான் முதல்லயே சொன்னேன்.

ராகி ரசிகன்
ராகி போட்டிருந்தா புழுவே வந்திருக்காது.

ஹெப்பாள் மாணவன்
புழு தீனியால வரல, பெரும்பாலும் தாய் வயித்துலயே குட்டிக்கு வந்துடும், பால் வழியாவும் வரும். ஒரு டோஸோட விடாதீங்க. உடம்புக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கிற குஞ்சுப் புழு இந்த மருந்துல சாகாது, அப்புறம் குடலுக்கு வந்து சேரும். மூணு மாசம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கறது வழக்கம், எடைக்கு எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும். மலத்தை அன்னிக்கன்னிக்கே அள்ளிடுங்க, முட்டை தொத்துற நிலைக்கு வர சில வாரம் ஆகும். வீட்ல சின்னப் பசங்க இருந்தா கை கழுவாம சாப்பிட விடாதீங்க, மனுஷனுக்கும் வரும்.

அல்சூர் அக்கா
எந்த மருந்து, எவ்வளவு நாள், இப்ப எத்தனை வேளை போடுறீங்க? எழுதினா அடுத்து வர்றவங்களுக்கு உதவும் தம்பி.

தயிர்சாதம்
அவர் வர மாட்டார் அக்கா. ஹெப்பாள் தம்பி, எங்க வீட்ல முட்டை வரைக்கும் ஓகே. பச்சையா, வேகவெச்சா?

ஹெப்பாள் மாணவன்
வேகவெச்சது. ஆனா வெறும் முட்டை போட்டா கணக்கு நேராகாது மேடம். உங்க நாயோட எடையும், இப்ப ஒரு நாளைக்கு என்னென்ன போடுறீங்கன்னும் எழுதுங்க, பாத்துச் சொல்றேன்.