மவுண்ட் ரோட்டில் ஓர் அஞ்சலட்டைப் படத்துடன்

பழைய சென்னைப் படங்களை எடுத்துக்கொண்டு, படம் பிடித்தவர் நின்ற இடத்தைத் தேடிப் போவது சில ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது. மவுண்ட் ரோடு என்று முன்பு அழைக்கப்பட்ட அண்ணா சாலையில் அப்படித் தேடியபோது நேர்ந்ததை இங்கே பகிர்கிறேன்.

என்னிடம் இருந்தது பழைய அஞ்சலட்டைப் படம் ஒன்று. ட்ராம் கம்பிகள் தெரிவதால் அது 1895-க்கும் 1953-க்கும் இடைப்பட்டது. இத்தகைய படங்களில் கடைகளை நம்பி இடம் காண இயலாது. பெயர்ப்பலகைகள் மாறிக்கொண்டே இருக்கும். பலகைகளுக்கு மேலே உள்ளதைத்தான் பார்க்க வேண்டும். 1904-இல் எழுந்த ஹிக்கின்பாதம்ஸ் கட்டடத்தின் வெண்ணிற முகப்பு இன்றும் அப்படியே நிற்கிறது; 2006-இல் இடிக்கத் தொடங்கி, வழக்கினால் நின்றுபோன பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் கோபுர முனைகளும் இதற்கு உதவும். இரண்டு கட்டடங்களின் விளிம்புகளுக்கு இடையே படத்தில் எவ்வளவு இடைவெளி தெரிகிறதோ, அதே இடைவெளி கண்ணுக்குக் கிடைக்கும்வரை முன்னும் பின்னும் நடந்தால், பெரும்பாலும் பேருந்துகள் சீறிப் பாயும் நடுச்சாலையில் போய் நிற்போம்.

அவ்வாறு நடைபாதை ஓரத்தில் அளந்துகொண்டிருந்தபோது, எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "என்ன தம்பி, மெட்ரோவுக்கு அளக்கறீங்களா?" என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். சிறுவனாக ட்ராம் படியில் தொங்கிக்கொண்டு போனதையும், கண்டக்டர் வந்தால் குதித்து ஓடியதையும், அப்போது சாலையில் இருந்த மர நிழலையும் சொன்னவர், படத்தை மறுபடி பார்த்துவிட்டு, "இதுல ஆளையே காணோமே, மவுண்ட் ரோடு என்னிக்கு இப்படிக் காலியா இருந்துச்சு?" என்றார்.

அது நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, மரத்தடியில் நின்றவர் தெளிவாகவும், தண்டவாளத்தை ஒட்டிச் சென்ற வண்டியின் சக்கரம் ஆரங்களே தெரியாமல் மங்கியும் இருந்தன. படம் பதிய நேரம் பிடித்த காலத்தில் அசைந்தவை இப்படித்தான் கரைந்துபோயின. 1838-இல் பிரெஞ்சுப் புகைப்பட முன்னோடி தாகேர் எடுத்த பாரிஸ் வீதிப் படத்திலும் போக்குவரத்து முழுவதும் மறைந்து, காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒருவரே அடையாளம் தெரியும்படி பதிந்தார். ஆகவே, இத்தகைய படங்களைக் கண்டதும் "அந்தக் காலத்தில் எவ்வளவு அமைதி!" என்று உருகுவோர் சற்றுப் பொறுக்கலாம். உண்மையாகவே போனது மர நிழல். அதைப் படமும் பெரியவரும் ஒருசேரச் சொன்னார்கள்.

அடுத்து, 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் படத்தை எடுத்திருக்கிறேன். அங்கே கட்டடமே இல்லாததால், சென்ட்ரல் நிலையத்தின் மணிக்கூண்டையும் ரிப்பன் கட்டடத்தையும் கொண்டுதான் திசை பிடிக்க வேண்டும்.