குழுச் சுற்று விதி எழுத ஒரு கை கொடுங்கள்

வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் நம் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். எட்டு அணிகள், குழுவுக்கு நான்கு. இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால் யாரை மேலே அனுப்புவது என்று கமிட்டிக்குள்ளேயே சண்டை.

கோல் வித்தியாசம் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) போதும் என்கிறார்கள் பலர். 2010 உலகக் கோப்பையில் அப்படித்தான். நம் தென்னாப்பிரிக்க அணி பஃபானா பஃபானாவுக்கும் மெக்சிகோவுக்கும் 4 புள்ளிகள். பிரான்சை 2-1 என வென்றும், உருகுவேயிடம் வாங்கிய 3-0 நம்மைக் கவிழ்த்தது. ஆனால் 2011 அக்டோபரில், ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கணக்கே வேறு. நைஜர், சியரா லியோன், நாம், மூவருக்கும் 9 புள்ளிகள். கோல் வித்தியாசம் நமக்குத்தான் அதிகம், ஆனால் மூவரும் தங்களுக்குள் ஆடியதைத்தான் முதலில் பார்த்தார்கள். அது தெரியாமல், தகுதி பெற்றுவிட்டோம் என்று நம் பையன்கள் மைதானத்தில் போட்ட கொண்டாட்டம் இருக்கிறதே! தகுதி பெற்றது நைஜர்.

அந்தக் கூத்து இங்கே வேண்டாம். சரி, மூன்று அணிகள் தங்களுக்குள் மாறி மாறி 1-0 என வென்று, எல்லாம் சமமாக நின்றால்? மஞ்சள் அட்டையை எண்ணுவதா, சீட்டுக் குலுக்குவதா? டர்பன் பக்கம் நடுவராக இருந்தவர்கள், லீக் நடத்திய அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். பழைய விதித்தாள் இருந்தால் இன்னும் நல்லது. அட்டவணை அச்சுக்குப் போகுமுன் வேண்டும்.