10 மீட்டர் ஏர் பிஸ்டல்: எந்த பெல்லட் வாங்குவது? தலை அளவு 4.49-ஆ, 4.50-ஆ?

பால்மரம் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். கிளப் துப்பாக்கியிலதான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுறேன். 60 குண்டுக்கு, 600 புள்ளியில 512-லிருந்து 520 வரைக்கும் வருது, அதுக்கு மேல நகரல. இதுவரைக்கும் கிளப்ல கொடுக்குற டின்தான். இனிமே சொந்தமா பெல்லட் (ஏர் துப்பாக்கியில போடுற ஈயக் குண்டு) வாங்கலாம்னு இருக்கேன். டின்ல 0.45 கிராம், 0.53 கிராம்னு ரெண்டு எடை போட்டிருக்கு. அதுக்குள்ளயே 4.48, 4.49, 4.50 மில்லிமீட்டர்னு தலை அளவு வேற. எதை வச்சு முடிவு பண்றது? வெளிநாட்டு வீடியோக்கள்ல தோட்டாவுக்குத் தாங்களே மருந்து தேர்ந்தெடுத்து நிரப்புறாங்களே, அந்த மாதிரி நாம கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

இன்னொண்ணு. வீட்டுல ஒரு பழைய டின் இருக்கு, திறந்தா பெல்லட் மேல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கு. துடைச்சிட்டுப் பயன்படுத்தலாமா?

பத்துமீட்டர்:

தம்பி, முதலில் வடிவத்தை முடிவு செய்யுங்கள், மற்றது பிறகு. உங்களுக்கு வேண்டியது தட்டைத் தலை பெல்லட் மட்டுமே. அது தாளில் வட்டமாக, ஓரம் சுத்தமாக வெட்டிக்கொண்டு போகும். உருண்டைத் தலையும் கூர்மூக்கும் தாளைக் கிழிக்கும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று அளவுகோல் வைத்துப் பார்க்கும்போது அந்தக் கிழிசலில் தகராறுதான் மிஞ்சும். எஃகு உருண்டை, எஃகு முனை வைத்த பெல்லட் இரண்டையும் கிளப் துப்பாக்கியில் போடவே கூடாது. பேரல் (துப்பாக்கிக் குழல்) உள்ளே இருக்கும் வரிகள் மென்மையான ஈயத்துக்காக வெட்டியவை, எஃகு அவற்றைத் தேய்த்துவிடும்.

எடையைப் பொறுத்தவரை பொதுவாக 0.45 கிராம் பிஸ்டலுக்கு, 0.53 கிராம் ரைஃபிளுக்கு. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 என்ற பெல்லட் இரண்டு எடையிலும் வருகிறது. போட்டிப் பிஸ்டலில் பெல்லட்டின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர், எனவே 10 மீட்டரைக் கடக்க நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும். கனமான பெல்லட் கொஞ்சம் மெதுவாகப் போய்க் கொஞ்சம் கீழே விழும், அதைச் சைட்டில் (குறிபார்க்கும் பகுதியில்) சரிசெய்துகொள்ளலாம். சில பிஸ்டல்கள் 0.53-ஐத்தான் விரும்பும். அதனால் 0.45-இல் தொடங்குங்கள், சோதிக்கும்போது கனமானதையும் ஒரு முறை பாருங்கள்.

மருந்து பற்றிக் கேட்டீர்கள். அது வெடிமருந்தில் இயங்கும் துப்பாக்கிக்கு உரியது. எரியும் வேகம், அடர்த்தி, அளவுக் குவளையில் ஒரே சீராக விழுமா என்றெல்லாம் அங்கே பார்ப்பார்கள். நம் துப்பாக்கியில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்றை அளந்து விடுவது ரெகுலேட்டர். நீங்கள் கவனிக்க வேண்டியது துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டர் அழுத்தத்தைத்தான். 200 பார் (அழுத்த அலகு) அளவில் நிரப்பிவிட்டுக் கடைசிவரை உறிஞ்சிக்கொண்டிருந்தால், ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போன பிறகு குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கும். பலர் அதைப் பெல்லட்டின் குற்றம் என்று நினைத்து டின்னை மாற்றுகிறார்கள். கையால் அடிக்கும் பம்ப்பை நம் ஊர் ஈரக் காற்றில் பயன்படுத்தினால் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். முக்குளிப்போர் சிலிண்டரிலிருந்து வரும் உலர்ந்த காற்றே நல்லது. துப்பாக்கிச் சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆண்டு கணக்கு, அது தாண்டினால் போட்டியில் அனுமதி கிடையாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டத்தில் ஏர் பிஸ்டலும் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் வருகிறது. சோதனை எல்லாம் ரேஞ்ச்சில் (சுடுதளத்தில்)தான். லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு)ப் பின்னால் பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) தாள் ஒட்டிச் சுடுவது கூடவே கூடாது. பெல்லட்டை இணையத்தில் ஆர்டர் போடுவதற்கு முன்பும் கிளப் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தலை அளவைக் காகிதத்தில் படித்துத் தேர்ந்தெடுக்க முடியாது தம்பி. 4.49-க்கும் 4.50-க்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு பேரல் ஒரே மாதிரி சுடாது. உங்கள் கையிலுள்ள அந்தத் துப்பாக்கியில் சுட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. அதுவும் கையில் பிடித்து அல்ல, துப்பாக்கியை அசையாமல் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப்பில் பொருத்தி.

முறை இது. வகைக்கு ஒரு டின் என்று மூன்று வகை போதும். ஒவ்வொரு வகையிலும் 10 குண்டு, தனித் தாள், இப்படி மூன்று தாள். முதல் வகையை முழுக்க முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போகாதீர்கள். மாற்றி மாற்றிச் சுடுங்கள், அப்போதுதான் சூடு, அழுத்தம் எல்லாம் மூன்றுக்கும் பொதுவாக அமையும். வகை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் பதினைந்து குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய பெல்லட்டின் ஈயமும் மசகும் பேரலில் ஒட்டியிருக்கும். குண்டுகளுக்கு இடையிலான இடைவெளியும் ஒரே சீராக இருக்கட்டும். நீண்ட நேரம் சுடாமல் இருந்துவிட்டுச் சுடும் முதல் குண்டு சில துப்பாக்கிகளில் விலகிப் போகும்.

அளக்கும்போது ஓட்டைக் கூட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து எதிர் வெளி ஓரம் வரை கேலிப்பரால் அளந்து, 4.5 மி.மீ. கழியுங்கள். நல்ல பிஸ்டலும் பொருந்திய பெல்லட்டும் சேர்ந்தால் கழிக்கும் முன் 7 அல்லது 8 மி.மீ. வரும், ஒரே ஓட்டைபோலத் தெரியும். ஐந்து குண்டு சுட்டுவிட்டு இதுதான் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஐந்தில் ஒன்று தற்செயலாக உள்ளே விழுந்தாலும் கணக்கு மாறிவிடும்.

இனி உங்கள் புள்ளிக்கு வருவோம். 512-க்கும் 520-க்கும் நடுவே 516 என்று வையுங்கள், ஒரு குண்டுக்குச் சராசரி 8.6. பத்தாம் வளையம் 11.5 மி.மீ. விட்டம், அடுத்தடுத்த வளையங்கள் 8 மி.மீ. அகலம். கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் 10. அப்படிப் பார்த்தால் உங்கள் குண்டு சராசரியாக 15 மி.மீ. விலகி விழுகிறது. நல்ல பெல்லட்டின் சொந்தச் சிதறல் 1.5 மி.மீ., மோசமானது 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிதறல் உங்கள் கையின் சிதறலோடு நேராகக் கூடாது, வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒன்று 15.1, மற்றது 15.5. அறுபது குண்டுக்கும் சேர்த்து மூன்று புள்ளி, அவ்வளவுதான். 575 சுடுபவருக்கு இதே வித்தியாசம் ஆறு புள்ளிக்கு மேல் போகும்.

அதனால் இப்போதைக்கு நடுத்தர விலையில், தட்டைத் தலை, 0.45 கிராம், ஒரே வகை டின்னை வாங்கி அதையே தொடர்ந்து சுடுங்கள். 550-ஐத் தாண்டிய பிறகு கிளாம்ப் சோதனை செய்யலாம். வகையை மாற்றிக்கொண்டே இருந்தால் விலகுவது கையா பெல்லட்டா என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

பால்மரம்:

ரொம்ப நன்றி அண்ணன். கிளப்ல கிளாம்ப் இல்ல. மேசை மேல மணல் மூட்டை வச்சு, பிஸ்டலை அதுல சாய்ச்சுச் சுட்டா போதுமா?

கணக்குப்பிள்ளை:

போதாது. மூட்டையில் வைத்தாலும் டிரிகரை இழுக்கும் விரலும் சைட்டைப் பார்க்கும் கண்ணும் உங்களுடையவைதானே. அந்தச் சிதறலுக்குள் பெல்லட்டின் வித்தியாசம் முழுகிப் போகும். மிக மோசமான பெல்லட்டைக் கண்டுபிடிக்க மட்டும் அது உதவும். மாநில அளவில் பயிற்சி எடுப்பவர்கள் வரும் ரேஞ்ச்சில் கிளாம்ப் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெல்லட் பொருந்தியது என்று தெரிந்துவிட்டால் டின்னின் பின்னால் ஒட்டியிருக்கும் தொகுதி எண்ணைக் குறித்துவைத்து, அதே எண்ணில் நான்கைந்து டின் வாங்குங்கள். பெயரும் தலை அளவும் ஒன்றாக இருந்தாலும் அடுத்த தொகுதி வேறு மாதிரி சுடலாம். 500 குண்டு டின் ஆறு பயிற்சிக்குக்கூட வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஈயம் பார்த்தவள்:

அந்த வெள்ளை மாவைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. தம்பி, அதைத் துடைக்காதீர்கள், ஊதாதீர்கள். ஈயம் அரித்து உண்டாகிற தூள் அது, மூச்சிலோ வாயிலோ போனால் நஞ்சு. அந்த டின்னை மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டி, கிளப்பில் ஈயக் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். துடைத்தாலும் பயனில்லை. மேற்பரப்பு அரித்துப் போயிருப்பதால் எடையும் தலை அளவும் மாறியிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், ஈரம் மட்டும் காரணம் இல்லை. ஈயத்துக்கு அமில ஆவி ஆகாது. மர அலமாரி, அட்டைப்பெட்டி, வினிகர் பாட்டில் வைத்த சமையலறை எல்லாவற்றிலிருந்தும் அந்த ஆவி வரும். நம் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது: ரப்பர் பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையிலோ ஆசிட் கேன் வைக்கும் ஸ்டோரிலோ பெல்லட் டின்னை வைத்தால் சீக்கிரமே வெளுத்துவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் டின்னை வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, படுக்கையறைப் பக்கம் உயரமான இடத்தில் பூட்டி வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அது வேண்டாம். எண்ணெய் பேரலுக்குள் போய் ஒவ்வொரு குண்டுக்கும் உராய்வு மாறும்.

டின்னைத் தட்டிக் கொட்டாதீர்கள். பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி மெல்லியதாக இருக்கும், காற்று அதைத்தான் விரித்துத் தள்ளுகிறது. அது நசுங்கினால் குண்டு விலகும். சுடும் முன் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள். நல்ல பெல்லட் சீரான வளைவில் ஓடும், நசுங்கியது தடுமாறும். பேரலில் வைக்கும்போதும் ஒரு பக்கமாக அழுத்தாமல் நேராக உள்ளே தள்ளுங்கள்.

பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு சுடுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விடுங்கள். ரேஞ்ச்சில் தேநீரோ பிஸ்கட்டோ வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கையை முழங்கை வரை கழுவி, நகத்தின் அடியையும் தேயுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சுடும்போது போட்ட சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.