ஜாங்கோ: இடப்பக்க மெனுவை எங்கே வைப்பது?

வணக்கம் நண்பர்களே,

நூலக நிர்வாகச் செயலி ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைச்செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதியது. புத்தகங்கள், உறுப்பினர்கள் என அதற்குள் இரண்டு ஆப்கள் (தனித்தனிப் பகுதிகள்). இரண்டிலும் ஒரே பெயரில் பட்டியல் டெம்ப்ளேட் (பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் கோப்பு). செட்டிங்ஸ் கோப்பில் எந்த ஆப் முதலில் இருக்கிறதோ அதன் டெம்ப்ளேட்டையே ஜாங்கோ எடுப்பதால், உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் புத்தகங்கள் வந்து நிற்கின்றன! டெம்ப்ளேட்ஸ் கோப்புறைக்குள் ஆப்பின் பெயரிலேயே ஓர் உள்கோப்புறை வைத்தால் இது தீர்ந்துவிடும். அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

என் கேள்வி வேறு. எல்லாப் பக்கங்களுக்கும் அடிப்படை டெம்ப்ளேட் ஒன்றுதான். அதிலுள்ள மெனு நூலகருக்கு ஒரு விதம், உறுப்பினருக்கு வேறு விதம். கூடவே, திரும்பி வராத புத்தகங்களின் எண்ணிக்கையும் தெரிய வேண்டும். இப்போது ஒவ்வொரு வியூவும் (ஒரு பக்கத்துக்கான கோரிக்கைக்குப் பதில் தரும் நிரல்) இந்தத் தரவைத் தானே சேர்த்து அனுப்புகிறது. எங்கு பார்த்தாலும் அதே வரிகள்.

இதைக் கான்டெக்ஸ்ட் பிராசஸருக்கு (எல்லா டெம்ப்ளேட்டுகளுக்கும் பொதுவான தரவைத் தானாகச் சேர்க்கும் ஃபங்ஷன்) மாற்றலாமா, இன்க்ளூஷன் டேக் (அழைத்த இடத்தில் மட்டும் தன் தரவோடு ஒரு சிறு டெம்ப்ளேட்டைச் செருகுவது) எழுதலாமா? முன்னது மெனுவே இல்லாத ரசீதுப் பக்கத்துக்கும் ஓடி, எண்ணிக்கைக்காகத் தரவுத்தளத்தை வீணாகத் தொடுமே என்று தயங்குகிறேன். மிக்ஸின் (கிளாஸ்களில் சேர்த்துக்கொள்ளும் பொது நிரல்) உதவாது, பாதி வியூக்கள் கிளாஸ்கள் அல்ல, வெறும் ஃபங்ஷன்கள் (யார் எழுதியதோ, புண்ணியவான்).

பெரிய திட்டங்களில் இதைக் கையாண்டவர்கள் எந்த வழியில் போனீர்கள்?