நார்வே மாற்றிய கார்98கே: மேகசினில் தோட்டா முட்டுகிறது

1945-ல் ஜெர்மன் படை நார்வேயில் விட்டுப்போன மவுசர் கார்98கே துப்பாக்கி; போருக்குப் பின் ஜெர்மன் 7.92×57 தோட்டாவிலிருந்து அமெரிக்க .30-06 தோட்டாவுக்கு நார்வேயில் மாற்றப்பட்டது. ராணுவத்தின் 'HÆR' (ராணுவம்) முத்திரை, குழலில் 'KAL 7.62' என்ற அளவுக் குறி, நீளத் தோட்டாவுக்காக ரிசீவர் (குழல் பொருந்தும் உடற்பகுதி) வளையத்தில் வெட்டிய பள்ளம், எல்லாம் இருக்கின்றன. இடம் பெர்கன்.

மூன்று மாதமாக, போலித் தோட்டா ஐந்தும் நிரப்பினால் கீழிரண்டின் முனை மேகசின் (தோட்டாப் பெட்டி) முன்சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. சுவரில் செம்புத் தடம் பளிச்சென்று தெரிகிறது.

வில் புதிது, தோட்டாவை மேலே தள்ளும் ஃபாலோவர் தகடும் மாற்றியாயிற்று, திருகுகள் இறுக்கமே. வெர்னியரில் பெட்டியின் உள்நீளம் 84 மி.மீ.; தோட்டாவின் நீளமோ 84.8. பெட்டியோடு ஒரே துண்டான ட்ரிகர் கார்டின் எண்ணும் ரிசீவர் எண்ணோடு சேரவில்லை; மாற்றாத துப்பாக்கியின் பெட்டி என்றே படுகிறது. அரம் போட மனமில்லை, ராவினால் திரும்பாது.

அசல் நார்வே மாற்றம் வைத்திருப்பவர்கள் உங்கள் பெட்டியின் உள்நீளத்தை அளந்து சொல்வீர்களா?