அசல் காசு, போலி வருஷம்: நாணயச் சேகரிப்பில் நாங்கள் பார்த்த டூப்ளிகேட்டுகள்

கோவையிலிருந்து:

போலி என்றாலே பித்தளையில் வெள்ளி முலாம் பூசிய சரக்குதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதைப் பிடிப்பது பெரிய வித்தையில்லை. 1835 முதல் ஈஸ்ட் இந்தியா கம்பெனி காலத்திலும் ராணி, ராஜா தலை போட்ட காலத்திலும் வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். பாக்கெட் தராசில் வைத்து ஒன்பதரை, பத்து என்று காட்டினால் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். தொல்லை வேறு ரகத்தில் இருக்கிறது.

ஒரு நாணயக் கண்காட்சியில் பக்கத்து மேசைக்கு ஒருவர் 1939 ரூபாய் கொண்டுவந்தார். ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களிலேயே எல்லோரும் தேடுவது அந்த வருஷத்தைத்தான். “எடை கரெக்டா இருக்குங்க. நகைக்கடை மெஷின்லயும் வெச்சுப் பாத்தாச்சு. தொண்ணூத்தொண்ணு சொச்சம் பர்சென்ட் வெள்ளி காட்டுச்சுங்க” என்றார். இரண்டும் சரியாகத்தான் இருக்கும். ஏனென்றால் அவர் கையில் இருந்தது அசல் 1938 ரூபாய். 8-இன் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தை மட்டும் செதுக்கி எடுத்து 9 ஆக்கியிருந்தார்கள். 1940 முதல் அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. அதனால் பின்னால் வந்த காசைத் திருத்தினால் மெஷினே காட்டிக்கொடுத்துவிடும். 1938-ஐத் திருத்தினால் மெஷினும் தராசும் போலிக்குச் சாட்சி சொல்லும்.

மேசைக்காரர் லென்ஸை எடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். 1939 என்பதில் இரண்டு 9 இருக்கிறதே, அவற்றைத்தான் ஒப்பிட்டார். முதல் 9-இன் தலை அகலமாக இருந்தது. கடைசி 9-இன் தலை 8-இன் மேல் வட்டம் போலச் சிறுத்திருந்தது. செதுக்கிய இடத்தில் காசின் தளம் துளி பள்ளமாக, காசைச் சாய்த்தால் மட்டும் மெல்லிய கீறல்களோடு மின்னியது. சுற்றிலும் பழைய கறுப்பு. அங்கே மட்டும் இல்லை.

“அது தேய்மானமுங்க” என்றார் வந்தவர்.

“ராஜா மூக்கு தேயல, கிரீடம் தேயல, எட்டு மட்டும் எப்படிங்ணா தேயும்?” என்றார் மேசைக்காரர்.

வந்தவர் ஏமாற்றுக்காரரா, ஏமாந்தவரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றியது. வாட்ஸ்அப்பில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் வருஷத்தை மட்டும் நெருக்கமாக, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

மதுரையிலிருந்து:

எங்கள் பக்கம் இவ்வளவு நுணுக்கமெல்லாம் கிடையாது. ராமர் பட்டாபிஷேகம், பின்பக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818’. கோயில் வாசலில் துணி விரித்து விற்பார்களே, அதுதான். சித்தப்பா முறையுள்ள ஒருவரிடம் அதே காசுக்கு லட்சக்கணக்கில் விலை பேசினார்கள். கேட்டால் அந்தக் காசு காந்தம் போல அரிசியை இழுக்குமாம்! டெல்லியிலிருந்து விஞ்ஞானி வந்து சோதிப்பாராம், அவர் செலவுக்கு மட்டும் இப்போதே பணம் கட்ட வேண்டுமாம். கம்பெனி 1818-இல் இப்படி ஒரு அரை அணா அடிக்கவேயில்லை என்று சொன்னேன். “உனக்கு என்னடா தெரியும்” என்பதுதான் பதில். அப்புறம் சித்திதான் பீரோச் சாவியை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்.

இன்னொன்று, வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய் காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வரும் விளம்பரங்கள். காசு அசல்தான், விலைதான் போலி. பழைய காசு, நோட்டு விற்க நாங்கள் கமிஷனோ கட்டணமோ வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது.

சென்னையிலிருந்து:

மதுரைக்காரர் சொன்னது சரி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு ‘கம்பெனி காசில் சாமி படமே கிடையாது’ என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். கம்பெனி இங்கே அடித்த தங்க வராகன் காசில் திருமால் உருவம் உண்டு. வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் திருமால். இந்த அரைகுறை விதியை நம்பி நல்ல அரை வராகன் ஒன்றைப் போலி என்று ஒதுக்கியவரை நான் பார்த்திருக்கிறேன்.

கரூரிலிருந்து:

அமராவதி மணலில் சேரர் காசு, ரோமானியர் காசு எல்லாம் கிடைத்த ஊர் எங்களுடையது. அதனால் ‘ஆத்துல கெடச்சதுங்க’ என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. எனக்கு ஒருமுறை காட்டப்பட்ட செம்புக்காசில் தமிழ் பிராமி எழுத்து இருந்தது. செம்பு பழசு, மேலே ஏறிய பச்சைக் களிம்பு பழசு, சந்தேகமே இல்லை. ஆனால் மாக்கோதை, பெருவழுதி போன்ற சங்ககால அரசர் பெயர் பொறித்த காசுகளில் எழுத்து புடைத்து நிற்கும். அச்சில் அடித்தது அல்லவா? இதில் எழுத்து பள்ளமாக இருந்தது. ஒன்றுமில்லாத தேய்ந்த காசை எடுத்து ஊசியால் கீறியிருக்கிறார்கள். கோவை நண்பர் சொன்ன 1939 கதையேதான், இரண்டாயிரம் வருஷம் பின்னால் தள்ளி. பள்ளத்துக்குள் பச்சை ஏறியிருந்ததும் பூச்சுதான். ஈரப் பஞ்சில் துடைத்தால் வந்துவிட்டது.

காசு உண்மையிலேயே ஆற்றில் கிடைத்தது என்றால் அது வேறு சிக்கல். புதையல் கிடைத்தால் அரசுக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து:

எல்லோரும் விட்டது ஒன்று, கண்ணி எடுத்த காசு. கழுத்தில் போடக் கண்ணி, அதாவது சின்ன வளையம், பற்றவைத்த ரூபாயை, கண்ணியைப் பிடுங்கி அரத்தால் ராவி, சுத்தமான காசு போல விற்பார்கள். போன மாதம் 1911 ரூபாய் ஒன்று வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருஷமே வடிவத்தை மாற்றிவிட்டார்களே, அந்தக் காசு. கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்புக் கோடுகள் நகக்கண் அளவுக்கு மழுங்கியிருந்தன. கோடுகளை நகத்தால் சுற்றி வருடினாலே தெரிந்துவிடும். கண்ணி இருந்ததைச் சொல்லி, அதற்கேற்ற விலை கேட்டிருந்தால் நானே வாங்கியிருப்பேன்.